அருவிக்கு மூன்று சட்டைகள்

மேஜை மேல் ஒரு சின்னச் சட்டை கிடந்தது. கிளிப்பச்சை நிறம், வட்டக் கழுத்து, அரைக் கை. பெண்குழந்தை போடுகிற பனியன் சட்டை. அதைக் கொண்டுவந்தவள் இரண்டு விரல் நுனியால் எடுத்து வைத்துவிட்டு, விரல்களைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

“இதுதானுங்க சாட்சி,” என்றாள்.

“யாருக்கு எதிரா அம்மணி?”

“என்ற ஊட்டுக்காரருக்குங்க.”

கேட்டவள் தமிழ்மதி. பல வருஷம் பனியன் கம்பெனிகளில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்து, ஓட்டையும் கறையும் தப்புத் தையலும் கண்டுபிடித்த கண்கள் அவளுடையவை. இப்போது அதே கண்களை மனிதர்கள் பக்கம் திருப்பியிருந்தாள். காங்கயம் ரோட்டில் பட்டன், ஜிப் விற்கிற கடைக்கு மேலே அவளுடைய துப்பறியும் அலுவலகம். கடைக்காரரின் அட்டைப்பெட்டிகள் ஜன்னலை அடைத்துக்கொண்டதால் பட்டப்பகலிலும் டியூப் லைட்தான். மூலை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் உதவியாளன் ராஜபாண்டி. சாத்தூர்க்காரன். வேலைக்கு லேட்டாக வருவான், வாய் மட்டும் ஓவர்டைம் பார்க்கும்.

வந்தவளின் பெயர் ஜனனி. கணவன் தரணீதரன் சொந்தமாக ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி நடத்துகிறவன். அவளுக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும்; ஆனால் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு ஒரு வாரத்துத் தூக்கமின்மையில் வருவதில்லை.

“கார் டிக்கியில, ஸ்டெப்னிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தாருங்க. பெரிய சட்டை ஒண்ணு, அவரு சைஸு. அப்பறம் இது. ரெண்டும் ஒரே துணி. நான் இதை மட்டும் எடுத்துட்டு வந்துட்டேன்.”

“வேற ஏதாவது?”

“போன்ல பேசினதைக் கேட்டேனுங்க. மடத்துக்குளத்துக்கு அந்தாண்ட வெண்ணாம்பாறை அருவி இருக்குதுங்களே, அங்க போறதுக்கு ஏற்பாடு. வர்ற ஞாயித்துக்கெழமை. பாதை சுளுவா இருக்குமா, வழுக்குமா, நெழல் இருக்குமான்னு கேட்டுட்டே இருந்தாரு. அப்பறம்…” ஜனனி துப்பட்டா நுனியை முறுக்கினாள். “ஒம்பது வயசுப் புள்ளை நடந்துருமுங்களான்னு கேட்டாருங்க.”

“உங்க பிள்ளைக்கு எத்தனை வயசுக்கா?” என்றான் ராஜபாண்டி.

“எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க.”

பாடம் ஒப்பிக்கிற குரலில் அதைச் சொன்னாள்.

திருப்பூரில் நாலு பேர் சேர்ந்து பழனிக்குப் போனாலும் ஒரே கலரில் பனியன் தைத்துப் போட்டுக்கொண்டுதான் போவார்கள். துணியும் மெஷினும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஊரில் அதொரு பழக்கம். அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்றால் நடுவில் இன்னொன்று இருந்தே ஆக வேண்டும். அதைத்தான் ஜனனியும் யோசித்திருந்தாள்.

“பொம்பளை சைஸ் ஒண்ணு அங்க இல்லீங்க. அவகிட்டப் போயிருச்சாட்ட இருக்குது.”

ராஜபாண்டி தலையைச் சொறிந்தான். “எனக்கு ஒண்ணுதான்க்கா புரியல. கள்ளத்தனமாப் போறவக யாராவது தூரத்துலயே தெரியுற மாதிரி யூனிஃபார்ம் போட்டுட்டுப் போவாகளா?”

தமிழ்மதி அவனைத் திரும்பிப் பார்த்தாள். “உன்ற வாய்ல இருந்து எப்பவாச்சும் இப்படி ஒண்ணு வந்துருது, பாண்டி.”

ஜனனிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. “எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க. இருக்குதா, இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. நாளைக்கு மத்தியானம் வர்றேன். இருக்குதுன்னா, அவரு கெளம்பறதுக்கு முந்தி நான் பொங்கலூருக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன். பெட்டி கட்டியாச்சு. வக்கீலையும் பாத்தாச்சு.”

கைப்பையை எடுக்கக் குனிந்தபோது அவளுடைய சுடிதாரின் கழுத்து லேசாகத் திரும்பியது. உள்ளே லேபிளைக் கத்தரித்து எடுத்த இடத்தில் வெள்ளை நூல் துணுக்குகள் நீட்டிக்கொண்டிருந்தன. தமிழ்மதியின் பழைய வேலைப் புத்தி அதையும் பார்த்து வைத்துக்கொண்டது.

அவள் படியிறங்கிப் போனதும் தமிழ்மதி சட்டையை உள்ளும் புறமும் திருப்பினாள். அடி மடிப்பில் ஒரு ஸ்டிக்கர்: எட்டு முதல் ஒன்பது வயது. கழுத்துக்குப் பின்னால் உள்பக்கம் அரைநிலா வடிவத்தில் ஒரு ஒட்டுத்துணி. நல்ல சட்டைகளில் வைப்பதுதான். ஆனால் இது கிளிப்பச்சை இல்லை. அழுக்கு வெள்ளையாக ஏதோ ஒரு துணி.

“மேட்சிங் துணி கெடைக்கல போல,” என்றான் ராஜபாண்டி.

“ரோல் ரோலாத் துணி வெச்சிருக்கிற முதலாளிக்கா? வெயிலுக்கு வா.”

கலர் பார்க்க வேண்டுமென்றால் ஊரில் யாரும் டியூப் லைட்டை நம்ப மாட்டார்கள். கீழே தெருவில், வெயிலில் விரித்துப் பார்த்தபோது அந்த அரைநிலா மஞ்சளாக மாறியது. வெளிறிப்போன மஞ்சள். அதில் மங்கலாக, வரிசையாக, வாத்துக்குஞ்சுகள்.

“இது எத்தனையோ தடவை தொவைச்ச துணி,” என்றாள் தமிழ்மதி. “புதுச் சட்டைக்குள்ள யாராச்சும் பழைய துணியை வெச்சுத் தெப்பாங்களா? இன்னொண்ணு பாரு. கழுத்துப் பட்டி சேருற இடம் எப்பவும் இடது தோள்ல வரும். இதுல வலது தோள்ல வந்திருக்கு. தெச்சவங்க இடது கைக்காரங்க.”

“அதுக்காகத் திருப்பூர்ல இருக்கிற எல்லா டெய்லருக்கும் வணக்கம் வெச்சு, எந்தக் கை மேல வருதுன்னு பாக்கச் சொல்றீகளா?”

தமிழ்மதி மெஷின் மெக்கானிக் கிட்டுசாமிக்குப் போன் போட்டாள். “அண்ணா, யாருக்காச்சும் ஓவர்லாக் டேபிளை இடது கைக்குத் தோதா மாத்திப் போட்டுக் குடுத்திருக்கீங்களா?”

“ஒரே ஒருத்தருக்குத்தானுங்க அம்மணி. நெருப்பெரிச்சல் மாரக்காளுக்கு. அன்னைக்குப் புடிச்ச இடுப்பு எனக்கு இன்னும் நிமிரலை.”

“அவங்க எந்தக் கம்பெனி?”

“தரணீதரன் கம்பெனியில சாம்பிள் டெய்லருங்க. கொஞ்ச வருசமா ஊட்டுல வெச்சுத்தான் தெக்கிறாங்க.”

*

ஸ்கூட்டரில் போகிற வழியெல்லாம் ராஜபாண்டி பேசிக்கொண்டே வந்தான். மூன்றாவது சட்டையைப் பார்த்தால் அந்த இன்னொருத்தி குண்டா ஒல்லியா என்று அளவை வைத்தே சொல்லிவிடுவானாம். பந்தயம் என்றான். தமிழ்மதி சிரிக்கவில்லை. அந்த வாத்துக்குஞ்சுகள் அவளைத் தொந்தரவு பண்ணிக்கொண்டிருந்தன.

மாரக்காளின் வீட்டில் முன்னறை முழுக்க மெஷின்தான். ஊசிக்கு அடியில் கிளிப்பச்சை. அவர்களைக் கண்டதும் அந்தம்மா இடது கையால் அதன் மேல் ஒரு துண்டை இழுத்துப் போட்டாள்.

“யாருக்குத் தெக்கிறீங்கன்னு நான் கேக்கலைங்க,” என்றாள் தமிழ்மதி. பையிலிருந்து சின்னச் சட்டையை எடுத்து மெஷின் மேல் வைத்தாள். “மூணாவதை ஒருக்கா பாத்துட்டுப் போயிருவேன்.”

மாரக்காளுக்கு முகம் வெளுத்தது. “இது எப்படிங்க உங்க கைக்கு வந்துச்சு? நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு அந்தத் தம்பிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க.”

தமிழ்மதி துண்டை விலக்கினாள். பெண்கள் சட்டை, நடுத்தர அளவு. கழுத்துக்குப் பின்னால் அதே மஞ்சள் அரைநிலா. மற்றபடி கழுத்தில் லேபிள் இல்லை. அளவு போட்ட ஸ்டிக்கர்கூட அடி மடிப்பில்தான் இருந்தது.

“லேபிள் வெக்கலைங்களா?”

“வேண்டவே வேண்டாம்னாருங்க. இதைப் போடற புள்ளைக்குக் கழுத்துல லேபிள் பட்டா தடிச்சுப் போயிருமாமா. சின்னதுக்கும் வேண்டாம், அம்மாளாட்டவே இருக்கும்னாரு.”

தமிழ்மதி மெதுவாக ராஜபாண்டி பக்கம் திரும்பினாள். “பந்தயத்துல தோத்துட்டே, பாண்டி. இந்தச் சட்டைக்காரி காலையில நம்ம மேஜைக்கு முன்னால உக்காந்திருந்தா. சுடிதார் லேபிளைக் கத்தரிச்சு எடுத்துப் போட்டிருந்தா.”

“அப்ப அந்த இன்னொரு பொம்பள?”

“அப்படி ஒருத்தியே இல்லை. இது ஜனனிக்குத் தெச்ச சட்டை.”

“அப்ப இந்தச் சின்னது யாருக்குக்கா?”

மாரக்காள் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு துணியைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டாள். மஞ்சள் கவுன். மூன்று வயதுக் குழந்தை போடுகிற அளவு. அதன் பாவாடைப் பகுதியில் மூன்று அரைநிலாக்கள் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன.

“அவங்க கொழந்தைங்க. இதழினின்னு பேரு,” என்றாள். “காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. வெறுங்கையோட வந்தாங்க. அடுத்த வருசம் அவ பொறந்த நாளுக்கு அந்தத் தம்பி இங்க வந்து, நாலு வயசுக்கு ஒரு சட்டை தெச்சுக் குடுங்கக்கான்னு நின்னாரு. நான் ஒண்ணும் கேக்கலை. அதுக்கடுத்த வருசம் அஞ்சு. இப்படியே வருசா வருசம். அந்த வயசுல இருக்கிற ஏதாச்சும் ஒரு புள்ளைக்குக் குடுத்துருவாராமா. இந்த வருசந்தான் மூணு பேருக்கும் வேணும்னாரு.”

ராஜபாண்டி வாசல் பக்கம் போய் நின்றுகொண்டான். அவனுடைய வாய் அன்றைக்கு அதோடு ஷிப்ட் முடித்துக்கொண்டது.

வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. உள்ளே வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அக்கா, சின்னதைக் காணோமுங்க. டிக்கியிலதான் வெச்சேன்…”

மெஷின் மேல் இருந்ததைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற அந்நியப் பெண்ணைப் பார்த்தான். தரணீதரனுக்கு விஷயம் விளங்க நேரம் ஆகவில்லை.

“ஜனனி பாத்துட்டாளுங்களா?”

“பாத்துட்டாங்க,” என்றாள் தமிழ்மதி.

“என்ன நெனைச்சா?”

தமிழ்மதி சின்னச் சட்டையை மெதுவாக அவன் பக்கம் தள்ளினாள். அவன் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தான். பெரிய ஆகிருதி. சின்ன ஸ்டூல் அவனைத் தாங்கக் கஷ்டப்பட்டது.

“பாப்பா அருவி பாக்கோணும்னு கேட்டுட்டே இருந்தாளுங்க. எந்த ஞாயித்துக்கெழமை கேட்டாலும், ஷிப்மென்ட் முடியட்டும் கண்ணுன்னு சொல்லுவேன். ஷிப்மென்ட்டுன்னா யாரோ ஒரு ஆளுன்னு நெனைச்சுட்டா. வாசல்ல நின்னுட்டு, ஷிப்மென்ட் மாமா எப்பப்பா ஊருக்குப் போவாருன்னு கேப்பா.” அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “அவ போனதுக்கு அப்பறம் பெரியவங்கெல்லாம் சேந்து ஊட்டுல அவ பேரையே எடுக்கக்கூடாதுன்னுட்டாங்க. ஜனனி தாங்க மாட்டாளாமா. துணிமணி, போட்டோ, ஒண்ணு விடாம எரிச்சாச்சு. இந்தக் கவுனை மட்டும் நான் கம்பெனி சாம்பிள் ரூம்ல கொண்டுபோய் மாட்டிட்டேன். அங்க ஆயிரம் கொழந்தைத் துணி தொங்குது. ஒருத்தருக்கும் சந்தேகம் வரலை.”

“அதை எதுக்கு வெட்டினீங்க?”

“உப்பு மூட்டை தூக்கினா, கன்னத்தை இங்க வெச்சுத்தான் படுத்துக்குவா.” பிடரிக்குக் கீழே தொட்டுக் காட்டினான். “அந்த இடத்துல படற மாதிரி வெச்சுத் தரச் சொன்னேனுங்க.”

மாரக்காள் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவன் பாதையை மூன்று முறை தனியாகப் போய் நடந்து பார்த்திருக்கிறான். காட்டிலாகா ஆளிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான். செக்போஸ்ட்டிலிருந்து மேடே இல்லாத பாதை. ஒரு வளைவில் புளியமரத்து வேர் குறுக்கே ஓடுகிறது. அங்கே கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ஒரு தட்டைப் பாறை. ஒன்பது வயசுப் பிள்ளைக்குக் கால் வலித்தால் அங்கே உட்காரலாம். தண்ணீர்ச் சத்தம் அங்கிருந்தே கேட்கும். வழுக்காத செருப்பு மூன்று ஜோடி, துண்டு மூன்று, பொரியும் கடலையும் எல்லாம் வாங்கியாகிவிட்டது. ஷிப்மென்ட்டுக்குத் திட்டம் போடுகிற மனுஷன் அல்லவா, ஒன்றையும் விடவில்லை.

“எல்லாம் ரெடிங்க,” என்றான். “ஜனனிகிட்ட எப்படிக் கேக்கறதுங்கறது ஒண்ணுதான் தெரீலீங்க. அவ பேரைச் சொல்லாம எப்படிக் கேக்கறது? சொன்னா ஜனனி என்ன ஆவாளோ. ஞாயித்துக்கெழமை காலையில பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டுட்டே வந்துட்டேன்.”

தமிழ்மதி பெண்கள் சட்டையையும் எடுத்துச் சின்னச் சட்டையோடு சேர்த்து மடித்தாள். “நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இது ரெண்டும் எங்கிட்ட இருக்கட்டுமுங்க. நீங்க ஊட்டுக்குப் போய் ஒண்ணும் பேசாதீங்க. இத்தனை வருசம் பேசாதவரு, இன்னும் ஒரு நாள் பேசாம இருங்க.”

*

சனிக்கிழமை மத்தியானம் ஜனனி சொன்னபடி வந்தாள். காரின் பின் சீட்டில் பெட்டி தெரிந்தது.

“இருக்குதுங்களா?” என்று படியிலேயே கேட்டாள்.

“மாடிக்கு வாங்க அம்மணி.”

மொட்டை மாடி வெயிலில் கண் கூசியது. கொடியில் கடைக்காரரின் வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. தமிழ்மதி முதலில் பெண்கள் சட்டையைக் கொடுத்தாள். ஜனனி தோளில் வைத்துப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையிருக்கவில்லை. பனியன் ஊரில் பிறந்தவளுக்குத் தன் அளவு தெரியாதா? விரல் தானாகக் கழுத்துப் பின்பக்கம் போய் லேபிளைத் தேடியது. இல்லை.

“இது…”

“உங்களுக்குத்தான். வேற யாரும் இல்லீங்க.”

ஜனனியின் தோள்கள் தளர்ந்தன. கோபம் இறங்கின இடத்தில் குழப்பம் வந்து நின்றது. “அப்ப அந்தச் சின்னது?”

தமிழ்மதி சின்னச் சட்டையின் கழுத்தை உள்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, வெயிலில் பிடித்து அவள் கையில் வைத்தாள். இந்த வேலைக்கு வந்த பிறகு எத்தனையோ உண்மைகளை அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். இதைத் தன் வாயால் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

நேற்று தொடக் கூசிய துணி. இப்போது ஜனனியின் கட்டைவிரல் ஒரு வாத்துக்குஞ்சின் மேல் நின்றது. பிறகு அடுத்ததின் மேல். பிறகு அதற்கடுத்தது.

“இதையெல்லாம் எரிச்சாச்சுன்னாங்களே,” என்றாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தரை சுட்டிருக்கும். அழுகை உடனே வரவில்லை. துணியை மூக்கருகே கொண்டுபோனாள். அத்தனை சலவைக்கும் பிறகு அதில் என்ன வாசம் இருந்துவிடப் போகிறது? ஆனாலும் அவள் வெகு நேரம் அதை எடுக்கவில்லை. ராஜபாண்டி கீழே ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து, கொடுக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

தமிழ்மதி பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். வருஷா வருஷம் தைத்த சட்டைகள். சாம்பிள் ரூம். புளியமரத்து வேர். தட்டைப் பாறை. உப்பு மூட்டை என்ற இடத்தில் ஜனனி தன் பிடரியைத் தானே தொட்டுக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். வாய்விட்டு இல்லை, வீட்டில் எல்லோரும் தான் தூங்குவதாக நினைக்க வேண்டும் என்று பழகிப்போனவள் அழுகிற அழுகை அது.

“கொழந்தை இல்லீங்கன்னு சொன்னேனில்ல, உங்ககிட்ட,” என்றாள் கடைசியில். “யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லோணும்னு பழக்கிட்டாங்க. அவருக்கு மறந்துபோச்சுன்னு நெனைச்சேன். அவரு சாப்புடறதையும் தூங்கறதையும் பாத்து எனக்கு அத்தனை கோவம். அவருக்கு மறந்துபோச்சு, நான் மட்டுந்தான் வெச்சுட்டிருக்கேன்னு.”

“அவரும் உங்களைப் பத்தி அதைத்தான் நெனைச்சுட்டு இருந்திருக்காரு அம்மணி.”

ஜனனி கண்ணைத் துடைத்துக்கொண்டு சின்னச் சட்டையை மடியில் விரித்தாள். தோளில் விரலை வைத்தாள். கையின் நீளத்தைச் சாணால் அளந்தாள். அடி மடிப்பைத் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தாள். அவளுடைய புருவம் சுருங்கியது.

“இது பத்தாதுங்க,” என்றாள்.

“என்னங்க?”

“சார்ட்டைப் பாத்து வெட்டச் சொல்லியிருக்காரு. வெள்ளைக்காரங்க அனுப்பற சைஸ் சார்ட்டு. கம்பெனிக்காரங்களே இப்படித்தான், வயசைச் சொன்னா போதும், சார்ட்டைத் தூக்கிருவாங்க.” குரல் உடைந்தாலும் அவள் நிறுத்தவில்லை. “அவ எங்கம்மா பக்கமுங்க. எங்க பக்கம் எல்லாரும் உசரம். மூணு வயசுலயே நாலு வயசுக் கவுன்தான் பத்தும். இப்ப இதைப் போட்டா இடுப்புக்கு மேல ஏறி நிக்கும். கையும் பத்தாது. நீளக் கை அவளுக்கு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள மாரக்காளக்கா வேற ஒண்ணு தெச்சுத் தருவாங்களான்னு கேளுங்க. நாளைக்குக் காலையில போகோணும்.”

தமிழ்மதி போனை எடுத்தாள். “எவ்வளவு உசரம்னு கேப்பாங்க,” என்றாள்.

ஜனனி எழுந்து நின்றாள். யோசிக்கவே இல்லை. வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, தன் தோளுக்குச் சற்றுக் கீழே காற்றில் வைத்தாள். இத்தனை வருஷமாகத் தினமும் ஒரு நூல் ஒரு நூலாக அந்தக் கையை உயர்த்தி வந்தவளைப் போல, சரியாக அங்கே வைத்தாள்.

ராஜபாண்டி தண்ணீரைத் தரையில் வைத்தான். தமிழ்மதியின் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தான். அவள் முன்னால் மண்டியிட்டு, டேப்பின் ஒரு நுனியைத் தரையில் அழுத்திக்கொண்டு, மறு நுனியை அந்த உள்ளங்கை வரை உயர்த்தினான்.

“கையை ஆட்டாம வெச்சுக்கங்கக்கா,” என்றான்.

அந்தக் கை ஆடவில்லை.